பஹ்மிதாவின் நாற்பதாவது அமர்வு

வியாழக்கிழமை, பிற்பகல் 4.22.

புத்தளம் தில்லையடியில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி. தெளிமதி மூளைப் பயிற்சி நிலையத்தின் உள்ளறைக் கதவு திறந்தது. வெளியே பிளாஸ்டிக் கதிரையில் காத்திருந்த பஹ்மிதாவின் தாய் சித்தி ஸுலைஹா எழுந்து, வாசலில் கிடந்த மகளின் செருப்பைக் குனிந்து திருப்பி வைத்தார், வந்ததும் போட்டுக்கொள்ள வசதியாக.

"மாமி, கொஞ்சம் உள்ளுக்கு வாங்க," என்றான் நிலையத்தின் சொந்தக்காரன் ஸப்ரான். "சத்தம் போடாதீங்க."

உள்ளே சாய்வுக் கதிரையில் பஹ்மிதா கிடந்தாள். வயது இருபத்திரண்டு. அடுத்த மாதம் கல்யாணம். இரண்டு காது மடல்களிலும் கிளிப், உச்சந்தலையில் ஒரு வயர். எதிரே கணினித் திரையில் ஒரு வள்ளம் அசையாமல் நின்றது. சித்தி ஸுலைஹா மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அடுத்து அவர் போட்ட சத்தத்தில் கீழே துணி கிழித்துக்கொண்டிருந்தவர்கள் படியேறி ஓடி வந்தார்கள்.

வைத்தியசாலை பத்து நிமிடத் தூரம். ஸப்ரான் அங்கே கொண்டுபோகவில்லை. "உயிர் போயிட்டுது. இனி அங்க கொண்டுபோனா வெட்டுவாங்க, மய்யித்தை நாளைக்குத்தான் தருவாங்க," என்று கூடியவர்களிடம் சொல்லித் தன் வேனிலேயே வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். பிரேதப் பரிசோதனைக்கு வெட்டுவார்கள் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அந்தப் பயத்தை வைத்துக் காரியம் பார்க்கிறவர்களை நினைத்தால் காறித் துப்பத்தான் தோன்றுகிறது.

மாலை 5.35.

வீட்டுக்கு வெளியே திடீரென்று ஒருவர் இறந்தால் மரண விசாரணை அதிகாரியின் கடிதம் வேண்டும். அது இல்லாமல் மையவாடியில் குழி வெட்ட மாட்டார்கள். அந்தக் கடிதத்துக்காகத்தான் ஹுனைஸை அழைத்திருந்தார்கள்; விசாரிப்பார் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

ஹுனைஸுக்கு வயது அறுபத்தொன்று. இந்தப் பதவிக்கு வருவதற்கு முன் முப்பது வருடம் அரசாங்க வைத்தியசாலைகளில் ஈஈஜி பதிவாளராக இருந்தவர். வலிப்பு நோயாளர்களின் தலையில் வயர் ஒட்டி, மூளையின் மின்னலைகளைக் கடதாசியில் பதிவெடுக்கிற வேலை. எதையும் இரண்டு தடவை கேட்பார். அருவருப்பு வந்தால் முகத்தில் மறைக்கத் தெரியாது. இந்த இரண்டாவது குணத்தால் மேலதிகாரிகள் பலருக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று.

கூட வந்தவர் பொலிஸ் உப பரிசோதகர் சாருமதி. உடப்பைச் சேர்ந்தவர், புத்தளத்துக்கு வந்து எட்டு மாதம்.

பின்கட்டில் புடவைகளைக் கட்டி மறைத்து, மய்யித்தைக் குளிப்பாட்டத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் ஹுனைஸ் முற்றத்திலேயே நின்றுவிட்டார்.

"நான் வர முந்தி ஆர் தண்ணி ஊத்தச் சொன்ன?"

"நான்தான் நாநா," என்று முன்னே வந்தான் ஸப்ரான். "இஷா தொழுகையோட அடக்கணும். நேரம் போகுதே எண்டு."

"குளிப்பாட்டுறதை நிப்பாட்டச் சொல்லுங்க. நான் சொன்ன பிறகு மிச்சம்."

ஸப்ரானுக்கு வயது முப்பத்துநாலு. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, தலையை இறுக்கிப் பிடித்த தொப்பி. வாயில் எதையோ மென்றுகொண்டேயிருந்தான். சட்டைப் பையிலிருந்து சின்ன டின் ஒன்றை எடுத்துத் திறந்து நீட்டினான். உள்ளே ஏலக்காய். ஹுனைஸ் வேண்டாமென்று தலையசைத்தார். பிணம் கிடக்கிற வீட்டில் வாய்க்கு வாசனை தேடுகிற மனிதனை அவருக்கு அந்த நிமிடமே பிடிக்கவில்லை.

அவன் செய்கிற சிகிச்சையின் பெயர் நியூரோஃபீட்பேக். தலையில் ஒட்டிய வயர் மூளை அலையைப் பிடிக்கும். அலை அமைதியாக இருந்தால் திரையில் வள்ளம் ஓடும், குழம்பினால் நிற்கும். ஓடவைத்து ஓடவைத்து மூளை தானாகவே அந்த அமைதிக்குப் பழகவேண்டும் என்பதுதான் சங்கதி. இதில் பொய் ஒன்றுமில்லை. கவனம் நிற்காத பிள்ளைகளுக்கும், தூக்கம் வராதவர்களுக்கும், குளிசை மருந்துக்கு முழுதாக அடங்காத சில வலிப்புகளுக்கும் இது உதவுமா என்று பார்க்கிற வைத்தியர்கள் உண்டு. அவர்கள் குளிசையை நிறுத்திவிட்டு இதைச் செய்வதில்லை. நுரைச்சோலை வரைக்கும் மதில்களில் ஒட்டியிருந்த ஸப்ரானின் விளம்பரத்தில் வைத்தியர் என்ற சொல்லே இல்லை. நீரிழிவு இருந்தது, பிள்ளைப் பாக்கியம் இருந்தது, பரீட்சையில் ஒன்பது ஏ இருந்தது. தலையில் மிளகாய் அரைக்கிறவனுக்குத் தொழிலும் தலையிலேயே அமைந்துவிட்டது.

"இண்டைக்கு அவளுக்கு நாற்பதாவது அமர்வு, நாநா," என்று ஒரு நீளக் கடதாசியை விரித்தான் ஸப்ரான். "பாருங்க. 3.41க்கு ஆரம்பம். 4.13 வரைக்கும் அலை எவ்வளவு அமைதி. வலிப்புக்குரிய ஒரு கோடு காட்டுங்க பாப்பம். 4.13க்கு திடீரெண்டு குழம்பி, பிறகு நேர்கோடு. இதயம் நிண்டிருக்கு. அல்லாஹ்ட நாட்டம்."

ஹுனைஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அலை அமைதியானதுதான், மறுக்க முடியாது. நடுநடுவே நாலைந்து இடத்தில் மட்டும் சீரான இடைவெளியில் தடித்த கறுப்புக் கொத்துகள். 4.13இலிருந்து மூன்று நிமிடத்துக்குக் கன்னாபின்னாவென்று கிறுக்கல். அதற்குப் பிறகு நேர்கோடு.

"இந்தக் கறுப்பு என்ன?"

"அது ஒண்டுமில்ல. வயர் அசைஞ்சிருக்கும்."

"இந்தக் கறுப்பு என்ன?" என்று மறுபடி கேட்டார்.

"சொன்னேனே நாநா. வயர்."

"பிள்ளை உள்ளுக்கு வந்த நேரம்?"

"3.10."

"பதிவு 3.41க்குத்தானே தொடங்குது. இடையில அரை மணித்தியாலம் என்ன நடந்த?"

"தலையை சுத்தம் பண்ணணும், மெஷினை சரிபாக்கணும். வயர் ஒட்டினது மர்ளியா, என்ட உதவியாள். பொம்பிளப் பிள்ளைட தலையை நான் தொடுறல்ல. அவள் ஒட்டிட்டு 3.30 போல டவுனுக்குப் போயிட்டா."

சாருமதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

5.50.

சித்தி ஸுலைஹா முன்னறையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை, இங்கே வளர்ந்து, கல்யாணம் கட்டி, விதவையாகி, ஒரே மகளை ஆளாக்கியவர். அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"தங்கச்சி, மகளுக்கு எத்தன வருஷமா வலிப்பு?" என்று கேட்டார் ஹுனைஸ்.

"எட்டு வயசிலிருந்து. கிளினிக் குளிசையில அடங்கித்தான் இரிந்த. நாலு வருஷமா ஒருக்காலும் வரல்ல."

"பிறகு ஏன் இந்த இடம்?"

"மாப்பிள வீட்டார் குளிசை திங்கிற பிள்ளை வேணாம் எண்டாங்க. ஸப்ரான் தம்பி நாற்பது அமர்வு முடிஞ்சா, சுகம் எண்டு கடிதம் தாறதா சொன்னார். ஆனா நான் குளிசையை நிப்பாட்டல்ல நாநா. கிளினிக் டொக்டர் சொல்லாம நிப்பாட்ட மாட்டன் எண்டு அவருக்கிட்டயே சொன்னன்."

"இண்டைக்குக் குடுத்தீங்களா?"

"விடிய முந்தி, சஹருக்கே குடுத்தன். என்ட கையால. ஒண்டரைக் குளிசை."

"சஹருக்கா?"

"நோன்பு புடிச்சிரிந்தா. றமழான்ல விட்ட கழா நோன்பு. கல்யாணத்துக்கு முந்தி தீத்துட்டுப் போகட்டும் எண்டு நான்தான் சொன்னன். டொக்டர்கிட்டயும் கேட்டன், குளிசையை சஹருக்கும் ராவைக்குமா குடுத்தாப் போதும் எண்டார்."

வாசலில் நின்ற ஸப்ரான் சட்டென்று உள்ளே வந்தான்.

"நோன்போடயா வந்த? எனக்கு இப்பதானே தெரியும், மாமி. வலிப்புக்காரப் பிள்ளைய பட்டினி போட்டா இதயம் தாங்குமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அமர்வே வெச்சிரிக்க மாட்டன். இப்படிப் பண்ணிட்டீங்களே."

அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் சித்தி ஸுலைஹாவைப் பார்த்தார்கள். அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார், அவை வேறு யாருடையவையோ போல.

"நாநா," என்றார் மெல்ல. "நான்தான் அவள மௌத்தாக்கினேனா?"

ஹுனைஸ் ஸப்ரானை மட்டும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிள்ளையை இழந்த தாயின் தலையில் பழியைத் தூக்கி வைக்க எவ்வளவு அவசரம் இவனுக்கு என்று அவருக்கு அருவருத்தது. "வெளியில இரிக்கிற நேரம் நீங்க என்ன செஞ்சீங்க, தங்கச்சி?"

"வெளியிலயும் ஒரு டீவி இரிக்கி. உள்ளுக்கு ஓடுற வள்ளம் அதிலயும் தெரியும். பாத்துக்கிட்டே இரிந்தன். தொடங்கத்தான் பிந்திட்டுது. பிறகு என்னைக்கும் இல்லாம நல்லா ஓடிச்சு. அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டே இரிந்தன்."

6.00.

புடவை மறைப்புக்கு இந்தப் பக்கம் ஹுனைஸ் நின்றார். அந்தப் பக்கம் றம்ஸியா. இருபத்தைந்து வருடமாகத் தில்லையடியில் பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டுகிறவர். ஆண் எட்டிப் பார்க்க முடியாத இடம். சாருமதி மட்டும் உள்ளே போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"றம்ஸியா ராத்தா, பின்னலை அவிழ்த்திட்டீங்களா?"

"அவிழ்த்திட்டன். பொம்பிள மய்யித்துக்கு முடியை அவிழ்த்துக் கழுவி மூணு பின்னல் போடணுமே. முடியில வெள்ளையா பசை மாதிரி இரிக்கி. உச்சியில."

"பசைக்குக் கீழ தோல் எப்படி?"

அந்தப் பக்கம் றம்ஸியா முடியை விலக்கிப் பார்த்தார்.

"உரசின அடையாளம் இரிக்கி. காது மடல் ரெண்டுலயும் அதே. தோல் உரிஞ்சிரிக்கி. ஆனா நாநா, செவக்கல்ல."

"செவக்கல்லயா?"

"செவக்கல்ல. மஞ்சளா, காஞ்சு போன தோல் மாதிரி. நானும் கொண்டுவரக்குள்ள இழுபட்ட மய்யித்துகள் பாத்திரிக்கன். உசிரோட இரிக்கக்குள்ள உரசினா இப்படி வராது."

"வாயைச் சுத்தம் பண்ணினீங்களா?"

"பண்ணினன். நாக்குட ஓரத்துல கடிச்ச காயம் இரிக்கி. பஞ்செல்லாம் ரத்தம்."

சாருமதி வெளியே வந்தார். "ராத்தா சொல்றது சரி, சேர். நானும் பாத்தன்."

6.10.

நிலையத்தில் மர்ளியா தனியாக உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்தாறு. விரல்களில் துப்பட்டா நுனியைச் சுற்றிச் சுற்றி வைத்திருந்தாள். உள்ளறையில் ஓர் அலுமாரி. அதன்மேல் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று. வாய்வரைக்கும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகக் குளிசைகள். வெளியே ஒட்டியிருந்த தாளில் தடித்த எழுத்தில் "விடுதலை" என்று எழுதி, பக்கத்தில் ஒரு பறவையும் வரைந்திருந்தது.

"இது என்ன?" என்றார் ஹுனைஸ்.

"சுகமானவங்க குளிசையை விட்டுட்டு இதுக்குள்ள போடுவாங்க. வாறவங்களுக்குக் காட்டுறதுக்கு."

"பஹ்மிதாவுக்கு வயர் ஒட்டினது ஆர்?"

"நான்தான்."

"எப்படி ஒட்டின? சொல்லு."

"முடியைப் பிரிச்சு, மணல் மாதிரி ஜெல் ஒண்டு இரிக்கி, அதால தோலைத் தேய்ப்பன். காது மடலையும். பிறகு பசை வெச்சு ஒட்டுவன்."

"எவ்வளவு நேரம் தேய்ப்பாய்?"

"செவக்கிற வரைக்கும். நல்லாத் தேய்க்காட்டி மெஷின்ல பச்சை லைட் எரியாது."

"பஹ்மிதாட தோல் செவக்கல்லையே, மகள்."

மர்ளியா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"நான் ஒட்டல்ல," என்றாள். "அவள் வந்த கையோட 3.12க்கு என்னை டவுனுக்கு அனுப்பிட்டார், பசை முடிஞ்சி எண்டு. பசை அலுமாரி நிறைய இரிந்த. வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சிட்டுது. நான் ஒட்டினதா சொல்லச் சொன்னார். இல்லாட்டி பொம்பிளைட தலையைத் தொட்டான் எண்டு ஊர் கதைக்கும், அவள்ட பேரும் கெட்டுப்போகும் எண்டார். அதுக்காகத்தான் சொன்னன்."

"டவுன்ல உன்னை ஆர் கண்ட?" என்று கேட்டார் சாருமதி.

"பாமசிக்காரர். அங்கதான் நாலு மணி வரைக்கும் நிண்டன். கெமரா இரிக்கி."

"நீயும் நோன்பா?" என்றார் ஹுனைஸ்.

"ஓம். நானும் அவளும் பேசித்தான் புடிச்ச. கழா."

"ஸப்ரானுக்குத் தெரியுமா?"

அழுதுகொண்டிருந்தவள் ஒரு கணம் விழித்தாள். "அதெல்லாம் ஆம்பிளைக்குச் சொல்ற கதையா, நாநா?"

சாருமதிக்கு விளங்கவில்லை. ஹுனைஸ் தாழ்ந்த குரலில் விளக்கினார். மாதவிலக்கில் விடுபட்ட நோன்பை வேறு மாதத்தில் பிடித்துத் தீர்ப்பதுதான் கழா. அதைப் பெண்கள் தங்களுக்குள் மட்டும்தான் பேசிக்கொள்வார்கள். வெளி ஆண் கேட்கவும் மாட்டான், அவர்கள் சொல்லவும் மாட்டார்கள். மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற தனக்கே வீட்டில் சோற்றுக்கோப்பை குறைவதைப் பார்த்துத்தான் தெரியவரும் என்றார்.

பிறகு ஜாடியைத் திறந்தார். மேலாக ஒரே நிறத்தில் முழுக் குளிசைகளும் அரைக் குளிசைகளும் கிடந்தன. அரைகள் எல்லாம் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தன. பல குளிசைகளின் ஓரம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது.

"இது ஏன் ஈரப்பட்டிரிக்கி?"

மர்ளியா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பஹ்மிதாடது. உம்மாக்கு முன்னால வாயில போட்டு, கன்னத்துக்குள்ள ஒதுக்கி, பிறகு துப்பி டிஷூல சுத்திக் கொண்டுவருவா. மூணு கிழமையா. அதைப் போடக்குள்ள ஸப்ரான் எங்களைக் கைதட்டச் சொல்வார். குளிசை திண்டா கடிதம் தரமாட்டன் எண்டு அவளுக்குச் சொல்லியிரிந்தார்."

ஹுனைஸ் யன்னலைத் திறந்து வெளியே துப்பினார். களப்புக் காற்று உப்பாக வந்து முகத்தில் அடித்தது. ஜாடியைச் சாருமதி உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வாயைக் கட்டினார்.

6.55.

மஃரிப் தொழுகை முடிந்து ஊரில் பாதி முற்றத்தில் நின்றது. மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கு வந்துவிட்டது. ஸப்ரான் அதன் பக்கத்தில் நின்று யார் யார் தூக்குவது என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

"கடிதம் எழுதியாச்சா நாநா?"

"எழுதத்தான் போறன். தொப்பியைக் கழட்டு."

"என்ன?"

"தொப்பியைக் கழட்டு."

ஸப்ரான் சிரித்தான். அவன் வாயிலிருந்து ஏலக்காய் வாசம் வந்தது. ஹுனைஸ் காத்திருக்கவில்லை; கையை நீட்டித் தானே தொப்பியை எடுத்தார். சாருமதி டோர்ச் அடித்தார். உச்சந்தலை முடியில் வெள்ளைப் பசை காய்ந்து கட்டியாக நின்றது. இரண்டு காது மடல்களும் தேய்த்துத் தேய்த்து இரத்தச் சிவப்பாக இருந்தன.

"உசிரோட இரிக்கிற ஆள்ட காது இப்படித்தான் செவக்கும்," என்றார் ஹுனைஸ். கூட்டத்துக்குக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார். "பஹ்மிதாட காது செவக்கல்ல. மஞ்சளாப் போயிரிக்கி. மௌத்தான பிறகுதான் இவன் அவளைத் தேய்ச்சிரிக்கான். அப்ப 3.41லயிருந்து 4.13 வரைக்கும் மெஷின் பதிஞ்சது ஆர்ட தலையை? அறைக்குள்ள உசிரோட இரிந்தது ஒரு ஆள்தான்."

"பொய்," என்றான் ஸப்ரான். "நான் காலையில மெஷினை சோதிச்சுப் பாத்தன், என்ட தலையில. அந்தப் பசை."

"கிராஃப்ல அவள்ட பேரும் இண்டைய நேரமும் இரிக்கி."

"அது அவள்டதான். அவள் நல்லா இரிந்தா."

"நல்லது. அப்ப இதைச் சொல்லு." ஹுனைஸ் கடதாசியை விரித்தார். "இந்தக் கறுப்புக் கொத்தை வயர் அசைஞ்சது எண்டாய். வயர் அசைஞ்சா தாறுமாறாத்தான் வரும். இது அளவெடுத்து வெச்ச மாதிரி சீரா வருது. தாடை அசையக்குள்ள, நெத்திப்பொட்டுல இரிக்கிற தசை போடுற கோடு. முப்பது வருஷமா நான் ஒவ்வொரு நோயாளிட்டயும் முதல்ல சொன்ன வார்த்தையே, வாயில இரிக்கிறதைத் துப்பு எண்டதுதான். இந்தத் தலைக்குரிய ஆள் எதையோ மெண்டிரிக்கி."

கூட்டம் ஸப்ரானின் வாயைப் பார்த்தது.

"பஹ்மிதா நோன்பு. சஹருக்குப் பிறகு அவள்ட வாயில தண்ணியும் படல்ல. அது உனக்குத் தெரியாது. தெரியாது எண்டு உம்மாக்கு முன்னால நீயே சத்தமாச் சொன்னாய், அவ மேல பழி போடுற அவசரத்துல. தெரிஞ்சிரிந்தா அந்த அரை மணித்தியாலம் ஏலக்காயைத் துப்பியிரிப்பாய்."

"அப்ப 4.13?" என்று கேட்டார் சாருமதி.

"சாகிற மூளை இப்படிக் கிறுக்காது, மிஸ். ஒரு தலையில கழட்டின வயரை இன்னொரு தலையில மாட்டுற கிறுக்கல். அதுக்குப் பிறகு வாற நேர்கோடு மட்டும்தான் பஹ்மிதாடது. இவன் குளிசையை நிப்பாட்ட வெச்சான். மூணு கிழமைக்குப் பிறகு, நாற்பதாவது அமர்வுல, இவன்ட கதிரையிலயே வலிப்பு வந்திரிக்கி. நாக்கைக் கடிச்சிரிக்கா. கதவுக்கு அங்கால உம்மா. பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி. இவன் கதவைத் திறக்கல்ல. அவள் அடங்கும் வரைக்கும் இரிந்துட்டு, கிளிப்பை எடுத்துத் தன்ட காதுல மாட்டிக்கொண்டு, அவளுக்குப் பக்கத்துல இரிந்து வள்ளம் ஓட்டியிரிக்கான்."

கூட்டத்தில் ஒருவர் "தூ" என்றார். இன்னொருவர் சந்தூக்கைப் பிடித்திருந்த ஸப்ரானின் கையைத் தட்டிவிட்டார்.

"நான் கொல்லல்ல," என்றான் ஸப்ரான். முதல் தடவையாக அவன் மெல்லுவதை நிறுத்தியிருந்தான். "வலிப்பு வந்தா நான் என்ன செய்ய? அவளா விரும்பித்தான் குளிசையை விட்டா. எத்தன குடும்பம் என்னை நம்பி இரிக்கி தெரியுமா? வெளியில தெரிஞ்சா எல்லாம் போயிடும் எண்டு பயந்துட்டன்."

"பயந்தாயா?" ஹுனைஸ் கடதாசியைச் சுருட்டினார். "பயந்தா அலையில தெரியும். முப்பது வருஷத்துல ஆயிரக்கணக்கான கிராஃப் பாத்திரிக்கன். தூங்குற குழந்தைக்கும் இவ்வளவு அமைதியா வராது. இருபத்திரண்டு வயசுப் பிள்ளை பக்கத்துல மௌத்தாகிக் கிடக்க, முப்பத்திரண்டு நிமிஷம் உன்ட வள்ளம் ஒருக்காலும் நிக்கல்ல."

அதற்கு மேல் அவனோடு ஒரு வார்த்தையும் பேச அவருக்கு மனம் வரவில்லை. சாருமதி ஸப்ரானைக் கூட்டிக்கொண்டு ஜீப்புக்குப் போனார். வழிவிட்டவர்கள் அவன் மேல் பட்டுவிடாமல் ஒதுங்கி நின்றார்கள்.

7.20.

மகளோடு சேர்ந்து நோன்பு பிடித்திருந்த சித்தி ஸுலைஹா இன்னும் நோன்பு திறக்கவில்லை. பக்கத்தில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் அப்படியே இருந்தன. ஹுனைஸ் எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையைத் திறக்காமல் வெளியிலிருந்தே ஜாடியைக் காட்டினார்.

"இந்த அரைக் குளிசைகளைப் பாருங்க, தங்கச்சி. ஆர் வெட்டின?"

அவர் நெடுநேரம் பார்த்தார். "நான்தான். பாக்குவெட்டியால. கையால உடைச்சா பொடியாப் போகும். இது எப்படி இங்க வந்த?"

ஹுனைஸ் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சித்தி ஸுலைஹா கேட்டுக்கொண்டேயிருந்தார். மகள் கன்னத்துக்குள் ஒதுக்கிய இடம் வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப நான் குடுத்திரிக்கன்."

"ஒவ்வொரு நாளும் குடுத்திரிக்கீங்க. இந்த ஜாடிதான் சாட்சி."

"நோன்பால இல்லையா?"

"குளிசை உள்ளுக்குப் போயிரிந்தா நோன்பு ஒண்டும் செஞ்சிரிக்காது. டொக்டர்ட்ட கேட்டுத்தானே புடிக்க வெச்சீங்க." அவர் தயங்கினார். "மய்யித்தை இண்டைக்கு அடக்க ஏலாது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"வெட்டுவாங்களா?"

"ஓம். நீங்க வேணாம் எண்டாலும் நான் அனுப்பத்தான் வேணும்."

அறைக்குள் ஒரு பெண் விசும்பினாள். சித்தி ஸுலைஹா அவளைத் திரும்பிப் பார்த்துப் பேசாமல் இரு என்று கைகாட்டினார்.

"அனுப்புங்க. வெட்டிப் பாத்து எழுதட்டும். அவன்ட கடதாசியை மட்டும் ஆரும் நம்பக் கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு கேக்கணும் நாநா. மூண்டரை போல உள்ளுக்கு கதிரை இழுபடுற சத்தம் கேட்ட. எழும்பிக் கதவுகிட்டப் போனன். கையையும் தூக்கினன். தட்டினா பயிற்சி குழம்பிடும், தட்டப்படாது எண்டு எழுதி ஒட்டியிரிந்த. திரும்பி வந்து இரிந்துட்டன். நான் தட்டியிரிந்தா அவள் பொழைச்சிரிப்பாளா?"

எதையும் இரண்டு தடவை கேட்கிற மனிதர் அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்க விரும்பவில்லை.

"நீங்க தட்டியிரிந்தாலும் அவன் திறந்திரிக்க மாட்டான்," என்றார்.

சித்தி ஸுலைஹா கோப்பையை எடுத்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"அதையும் எழுதுங்க."

ஹுனைஸ் பேனையைத் திறந்து எழுதினார்.